பிளக் நாலும் புதுசு, ஆனாலும் காலையில் வெள்ளைப் புகை: கோளாறு எங்கே?

கேள்வி சுருக்கமாக இது. நாலு சிலிண்டர் காமன் ரெயில் (இசியூ என்ற கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும், உயர் அழுத்தத்தில் டீசலைத் தூவும் வகை) டீசல் கார், பதினோரு வருடம் ஓடியது, நிற்பது ஊட்டியில். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலை முதல் ஸ்டார்ட்டுக்குப் பத்துப் பதினைந்து வினாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. பின்னால் வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் டீசல் நெடி. பிடித்த பிறகும் ஒரு நிமிடம் இன்ஜின் குலுங்குகிறது. கோயம்புத்தூரில் இரவு தங்கினால் காலையில் ஒரே அடியில் பிடித்துக்கொள்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று, ஹீட்டர் பிளக் நாலும் மாற்றியாயிற்று. டேஷ்போர்டில் ஹீட்டருக்கான சுருள் விளக்கு வழக்கம்போல எரிந்து அணைகிறது. ஸ்கேனர் பி0380 என்ற கோளாறுக் குறியீட்டை (கோடு) காட்டுகிறது. இனி இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

வேண்டாம், இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளிலேயே பாதி பதில் இருக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேருகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். டீசல் லைனில் காற்று புகுந்தாலோ, ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிட்டாலோ செல்ஃப் சுற்றும், ஆனால் சைலன்ஸரில் புகையே இருக்காது. செல்ஃப் 'ங்ஙொய்' என்று மெதுவாகச் சுற்றினால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டீசலும் வருகிறது. இல்லாதது சூடு மட்டும்தான்.

ஊட்டிக்கும் கோவைக்கும் என்ன வித்தியாசம்? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மெல்லிய காற்று, அதுவும் உறைபனி விழும் காலை. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இழுக்கும் காற்று 25 டிகிரி குளிர்ந்திருந்தால், பிஸ்டன் அழுத்தி முடிக்கும்போது 60 டிகிரிக்குக் குறையாமல் சூடு குறைந்திருக்கும். போதாததற்குக் குளிர்ந்த ஹெட்டும் பிளாக்கும் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். அதன் நுனி சாதாரண உலோக வகையில் 850 முதல் 1,000 டிகிரி வரை போகும், செராமிக் வகை அதற்கும் மேலே.

சமவெளியில் இந்தக் காமன் ரெயில் இன்ஜின்களுக்கு ஹீட்டர் பிளக் பெரும்பாலும் தேவையே இல்லை. நாலில் மூன்று செத்திருந்தாலும் சென்னையில் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் கீழே இருக்கும் பல மெக்கானிக்குகள் இந்தச் சர்க்யூட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய ஜீப், டெம்போ டிராக்ஸ் காலத்து ஆட்களைக் கேளுங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். மஹிந்திரா ஜீப்பில் வந்த பெஜோ இன்ஜின், டிராக்ஸில் வந்த மெர்சிடிஸ் வழி இன்ஜின் இரண்டிலும் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் விழும். அந்த அறைச் சுவர் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் கம்ப்ரஷன் அதிகமாக இருந்தும் ஹீட்டர் போடாமல் காலையில் எடுக்க முடியாது. அந்த ஆட்களுக்கு ஹீட்டர் பிளக் வயிற்றுப்பாடு.

அடுத்து அந்தச் சுருள் விளக்கு. அது எரிந்து அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்குக்கும் பிளக்குக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இசியூ கூலண்ட் சூட்டைப் பார்த்து இத்தனை வினாடி என்று கணக்குப் போட்டு விளக்கை எரித்து அணைக்கிறது, அவ்வளவுதான். நாலு பிளக்கையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகளில் விளக்கு அதே அழகோடு எரியும். அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

ஸ்கேனர் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். பி0671 முதல் பி0674 வரை வந்தால் முறையே 1 முதல் 4 வரையான சிலிண்டரின் பிளக் வழி கோளாறு. பி0670 என்றால் பிளக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் வழி. உங்களுக்கு வந்திருக்கும் பி0380 பொதுவான கோடு, பிளக் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்கிறது. ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகக் கவனிக்க வசதியில்லாத, ஒரே ரிலே (பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின் சுவிட்ச்) வைத்த வண்டிகளில்தான் இது அடிக்கடி வரும். நாலு பிளக்கும் புதிது, கோடு அப்படியே என்றால் நாலுக்கும் பொதுவான பாதையில்தான் கை வைக்க வேண்டும்.

அந்தப் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் பாக்ஸுக்கு ஒரு தடித்த ஒயர். அங்கே போல்ட் போட்டு முறுக்கிய பட்டை ஃபியூஸ், 50 முதல் 80 ஆம்பியருக்குள் ஒன்று. அங்கிருந்து ஹீட்டர் ரிலே. ரிலேயிலிருந்து தடித்த ஒயர் இன்ஜினுக்கு. அங்கே நாலு பிளக்கின் தலையையும் இணைக்கும் பித்தளைப் பட்டை, அல்லது நாலு தனிச் சாக்கெட். அப்புறம் பிளக். திரும்பி வரும் வழிக்கு ஒயர் இல்லை. பிளக்கின் மரையே ஹெட்டோடு எர்த் ஆகி, இன்ஜினிலிருந்து எர்த் கேபிள் வழியாகப் பேட்டரி மைனஸுக்குப் போகிறது. இந்தக் கடைசித் துண்டை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இந்தப் பாதையில் ஓடுகிற கரண்ட் சின்னதல்ல. ஒரு 12 வோல்ட் பிளக் சூடான பிறகு 8 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்திருக்கும் முதல் வினாடியில் அதைப் போல இரண்டு மடங்கு வரை போகும். நாலுக்கும் சேர்த்தால் ஹெட்லைட் இரண்டையும் போட்டதைப் போல நாலைந்து மடங்கு. இவ்வளவு கரண்ட் ஓடும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்த ஒரு ஜாயின்ட் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடான நாலு பிளக்கும் சேர்ந்து கால் ஓம் மின்தடை. வழியில் ஒரு ஜாயின்டில் வெறும் 0.1 ஓம் கூடினாலும் 12 வோல்ட்டில் எட்டரைதான் பிளக்கைத் தொடும். சூடு பாதியாகிவிடும். அந்த 0.1 ஓமை உங்கள் மல்டிமீட்டரில் ஓம் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். கன்டினியூட்டி வைத்தால் 'பீப்' என்று கத்தி 'ஒயர் நன்றாக இருக்கிறது' என்று பொய் சொல்லும்.

அதனால் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது பிளக் கரண்ட் இழுக்கும்போது, வோல்ட்டேஜ் பார்ப்பதுதான் ஒரே வழி. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் செய்யுங்கள். இன்ஜின் சூடாக இருந்தால் இசியூ ஹீட்டரைப் போடாமலே விட்டுவிடும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸ் துருவத்தில், சிவப்பு முனை பிளக் தலையில். வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பழைய ரிலே வகை வண்டியில் 11 வோல்ட்டை ஒட்டி வந்தால் பிளஸ் பக்கம் சரி. பூஜ்யம் வந்தால் ரிலே எடுக்கவில்லை, அல்லது ஃபியூஸ் போய்விட்டது. 7, 8 வந்தால் வழியில் எங்கோ திருடு போகிறது.

திருடனைப் பிடிப்பது சுலபம். சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ் துருவத்தில் வையுங்கள். கேபிள் கிளாம்ப் மேல் இல்லை, ஈயத் துருவத்தின் மேலேயே. கறுப்பு முனையைப் பிளக் தலையில் வைத்து ஹீட்டர் போடச் சொல்லுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அருமை, ஒரு வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் கறுப்பு முனையைப் பின்னோக்கி நகர்த்துங்கள்: ரிலேயின் வெளிவழி, ரிலேயின் உள்வழி, ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் சாவி திருப்பி ஆறேழு வினாடி பாருங்கள், இடையில் பிளக் ஆற இரண்டு நிமிடம் கொடுங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறான். முழு 12 வோல்ட்டும் காட்டினால் பயந்துவிடாதீர்கள், சர்க்யூட் எங்கோ முழுசாக அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஜீப், கிட்டத்தட்ட உங்கள் கதைதான். பிளக் புதிது, ரிலே புதிது. டெஸ்ட் லேம்ப்பைப் பிளக் ஒயரில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது, எனவே கரண்ட் வருகிறது என்று முடிவு கட்டி நானும் அரை நாள் டீசல் பம்ப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். டெஸ்ட் லேம்ப் இழுப்பது கால் ஆம்பியரோ அரை ஆம்பியரோதான். அதற்குத் தலைமயிர் அளவு தொடர்பு போதும். கடைசியில் பட்டை ஃபியூஸைப் பார்த்தால், ஃபியூஸ் முழுசாக இருக்கிறது, ஆனால் அதன் போல்ட் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறிக் குமிழ் விட்டிருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்தேன், நட்டு அரைச் சுற்றுச் சுற்றியது. தளர்ந்து கிடந்திருக்கிறது. ரிங் டெர்மினலைக் கழற்றி எமரி பேப்பரில் தேய்த்து முறுக்கியதும் பிளக் தலையில் 7 வோல்ட் இருந்தது 11.2 ஆனது. செலவு பூஜ்யம். அதற்கு முன் மாற்றிய நாலு பிளக்கும் ஒரு ரிலேவும் எஸ்டேட் கணக்கில் போனது.

அந்தப் பழுப்பு நிறத்தை நினைவில் வையுங்கள். ஃபியூஸ் பாக்ஸ், ரிலே சாக்கெட், பிளக் சாக்கெட் எதுவானாலும் பிளாஸ்டிக் நிறம் மாறியோ உருகியோ இருந்தால் அங்கே ஜாயின்ட் சூடேறுகிறது. மீட்டர் எடுப்பதற்கு முன்னால் கண்ணாலும் மூக்காலும் ஒரு ரவுண்டு பார்ப்பது நல்லது.

எர்த் பக்கமும் இதே முறைதான். கறுப்பு முனை பேட்டரி மைனஸ் துருவத்தில், சிவப்பு முனை ஹெட்டின் வெற்று உலோகத்தில். ஹீட்டர் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிச் சுரண்டுங்கள். நல்ல எர்த் இல்லாத வண்டியில் செல்ஃபும் சோம்பலாகச் சுற்றும், அதைப் பேட்டரியின் தலையில் கட்டி இரண்டு பேட்டரி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ரிலே எடுக்கவே இல்லை என்றால்? சாவி திருப்பும்போது அதன் மேல் விரலை வைத்தால் 'டக்' என்று உணரலாம். உணர்ந்தும் வெளிவழியில் வோல்ட்டேஜ் குறைந்தால் உள்ளே தொட்டு விலகும் பாயின்ட் கரிந்துவிட்டது, ரிலேயை மாற்றுங்கள். உணரவில்லை என்றால் சின்ன ஒயர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும், மற்றதை இசியூ எர்த் ஆக்கும். இசியூ எர்த் ஆக்கவில்லை என்றால் உடனே இசியூவைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்கேனரில் கூலண்ட் டெம்பரேச்சரைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், கூலண்ட் சூடும் இழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே கை விறைக்கிறது, கூலண்ட் 45 டிகிரி காட்டுகிறது என்றால் சென்சார் பொய் சொல்கிறது. இசியூ அதை நம்பி 'ஹீட்டர் வேண்டாம்' என்று விட்டுவிடுகிறது.

சரி, பிளக் பக்கம் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட பிளக்கின் உடம்பில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருக்கும்: 11, 7, 5, 4.4 என்று பலவிதம். மரை பொருந்துகிறது, நீளம் பொருந்துகிறது என்று வேறு வோல்ட் பிளக்கைக் கடையில் கொடுத்துவிடுவதுண்டு. குறைந்த வோல்ட்டில் இயங்கும் சிஸ்டத்தில் 11 வோல்ட் பிளக்கைப் போட்டால் அது மந்தமாகத்தான் சூடேறும். மாறாக 4.4 வோல்ட் செராமிக் பிளக்குக்கு நேராகப் பேட்டரியைக் கொடுத்தால் கண்முன்னே போய்விடும். சாதாரண 11 வோல்ட் பிளக்கைச் சோதிக்க, ஒயரைக் கழற்றிவிட்டு அதன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்த பிறகு அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓமுக்குள் இருக்க வேண்டும். நாலும் ஏறத்தாழ ஒரே எண் காட்ட வேண்டும். பித்தளைப் பட்டை இருந்தால் அதைக் கழற்றாமல் அளக்காதீர்கள், நல்ல பிளக் ஒன்று செத்த மூன்றையும் மறைத்துவிடும்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் எல்லாமே ஒரு நிமிட வேலை. வீட்டு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் ஏசி கிளாம்ப் உதவாது. ரிலேயிலிருந்து வரும் தடித்த ஒயரில் மாட்டி ஹீட்டர் போட்டால், நாலும் நன்றாக இருந்தால் நாற்பது சொச்சம் ஆம்பியரில் வந்து நிற்கும். முப்பதில் நின்றால் ஒன்று போச்சு, இருபதில் நின்றால் இரண்டு.

புதிய வண்டிகளில், குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில், ரிலேக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் யூனிட் இருக்கும். அது கரண்டைத் துண்டுதுண்டாக வெட்டி அனுப்பும், அதனால் மீட்டர் 5, 6 வோல்ட் காட்டினால் அது கோளாறு ஆகாது. இங்கே ஸ்கேனர் காட்டும் கோடும் கிளாம்ப் மீட்டரும்தான் வழி. சில வண்டிகளில் பிளக் கோளாறு இருந்தால் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேலையையும் இசியூ நிறுத்தி வைக்கும். 'சமவெளியில்தானே ஓட்டுகிறேன், எதற்கு பிளக்' என்று அங்கே விட முடியாது.

மறுபடி பிளக்கைக் கழற்ற வேண்டி வந்தால் மட்டும் அவசரம் வேண்டாம். இந்த வேலையில் உண்மையிலேயே பணம் போகும் இடம் அதுதான். நுனி வீங்கியோ கரி கட்டியோ இருக்கும் பிளக் மரையில் சுற்றும், வெளியே வராது, பலம் போட்டால் பாதியில் ஒடியும். ஒடிந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்க வேண்டியது வரலாம். முந்தின நாள் ராத்திரி துரு இளக்கும் ஆயில் விடுங்கள். மறுநாள் இன்ஜினைச் சூடாக ஓட்டிவிட்டு, முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கழற்றுங்கள். எம்8 (8 மில்லிமீட்டர்) மரைக்கு 20, எம்10 மரைக்கு 35 நியூட்டன் மீட்டர், இதைத் தாண்டிப் போகாதீர்கள். அதற்குள் இளகவில்லை என்றால் மறுபடி ஆயில், மறுபடி சூடு, இன்னொரு நாள். திரும்பப் பூட்டும்போது எம்8 என்றால் 10, எம்10 என்றால் 12 முதல் 18 வரை போதும். கையால் கடைசி மரை வரை சுற்றிவிட்டு அப்புறம் ரெஞ்ச் போடுங்கள். தலையில் இருக்கும் சின்ன நட்டை இரண்டு விரலில் பிடித்துத்தான் முறுக்க வேண்டும். அதை இறுக்கியே பிளக்கின் நடுக்கம்பியைச் சுழற்றிக் கெடுத்தவர்கள் நிறைய.

கழற்றிய பிளக்கின் நுனி உருகியோ அரித்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலைப் பொடியாகத் தூவாமல் ஒழுகவிடுகிறது. அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வது சரி, அந்த இன்ஜெக்டரைக் கழற்றலாம். நாலு நுனியும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் ஓடியிருக்கிறது. சாவியை எடுத்த பின்னும் பிளக்கில் வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளை உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஒன்று, ரிலேயை விட்டுவிட்டு டேஷ்போர்டில் தனி சுவிட்ச். பழைய ஜீப்பில், விரலை எடுத்தால் அணையும் புஷ் பட்டனும் கனமான ரிலேவும் ஃபியூஸும் வைத்து நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் காமன் ரெயில் வண்டியில் வேண்டாம், இசியூ ஸ்டார்ட் ஆன பின்னும் கொஞ்ச நேரம் பிளக்கை ஓட்டிப் புகையையும் குலுக்கலையும் அடக்குகிறது, அந்த வேலையை உங்கள் விரல் செய்யாது. இன்னொன்று, ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் ஈத்தர் போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங்கோ கனெக்டிங் ராடோ போய்விட்டால் அப்புறம் பிளக்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

உங்கள் வண்டிக்கு என் ஊகம்: பட்டை ஃபியூஸின் போல்ட், ரிலே சாக்கெட், ரிலேயின் பாயின்ட், இந்த மூன்றில் ஒன்று. நாளைக் காலை மேலே சொன்னபடி பேட்டரி பிளஸ்ஸுக்கும் பிளக் தலைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். அதையும் எர்த்தையும் சரிசெய்து, ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீட்டை அழித்து, பிளக் தலையில் 11 வோல்ட் நின்ற பிறகும் புகை அப்படியே வந்தால்தான் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகே இன்ஜெக்டர்.